பாறை மேல ஒரு கருப்புக் கோடு – அரிட்டாபட்டியில இருந்து வீராணம் வரைக்கும் அஞ்சு நாள்

நாள் 1 – அரிட்டாபட்டி

நேத்து ராத்திரி சென்னையில பஸ் ஏறி காலைல மதுரை மாட்டுத்தாவணில இறங்கியாச்சு. மேலூர்ல இருக்கற மச்சான் பைக்கோட நின்னுட்டு இருந்தாரு. போன வருஷம் ஜனவரில நியூஸ்ல பார்த்துக்கிட்டே இருந்த ஊர்ப்பக்கம் இது, டங்ஸ்டன் சுரங்கம் வேணாம்னு நரசிங்கம்பட்டியில கிளம்பி தல்லாகுளம் தபால் ஆபீஸ் வரைக்கும் சுத்துப்பட்டு கிராமமே திரண்டு வந்துச்சே, அந்தப் பக்கம். அப்பவே வந்துருக்கணும், லீவு கெடைக்கல, மனசுல ஒரு ஓரமா உறுத்திக்கிட்டே இருந்துச்சு. இந்த வருஷம் பொங்கல் முடிஞ்ச கையோட கிளம்பிட்டேன்.

ஊருக்குள்ள நுழையறதுக்கு முன்னாடியே குன்றுங்க தெரிய ஆரம்பிச்சிருது, வரிசையா ஏழு குன்று, மொட்டைப் பாறை, இடுக்குல இடுக்குல மரம். குடைவரைக் கோயில், சமணர் படுக்கை, தமிழி கல்வெட்டுன்னு பார்க்க நிறைய இருக்கு, கல்வெட்டுக்கு வயசு ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல. அதுல ஒண்ணுல இந்தக் குகையைச் செஞ்சு கொடுத்தவரோட ஊர்ப்பேரு இலஞ்சின்னு வருது. இலஞ்சின்னா பழைய தமிழ்ல குளம்னும் அர்த்தம் உண்டு. அத நெனச்சுக்கிட்டே மேல ஏறினேன்.

பாறை மேல ஏறினா ஒரு சுனை. சின்னதுதான், ரெண்டு ஆள் கை கோத்து நின்னா சுத்திப் பிடிச்சிரலாம் அவ்ளோதான். தண்ணி கண்ணாடி மாதிரி, அடியில மக்கின இலை, தலைப்பிரட்டை நாலஞ்சு நெளிஞ்சுக்கிட்டு இருக்கு. கைய விட்டா அந்த வெயில்லயும் சில்லுன்னு இருந்துச்சு. சுனையோட ஒரு ஓரத்துல விரல் அகலத்துக்கு ஒரு வெடிப்பு, அங்க இருந்து தண்ணி கசிஞ்சு பாறை மேல இறங்குது. ஓடுதுன்னு சொல்ல முடியாது, தொட்டுப் பார்த்தாதான் ஈரம் தெரியும், ஆனா அந்த ஈரம் போற வழி பூரா பாசி படிஞ்சு கருப்பா ஒரு கோடு விழுந்திருக்கு. அந்தக் கோட்டையே கண்ணால புடிச்சுக்கிட்டு கீழ பார்த்தா, பாறை முடியற எடத்துல புல்லு, புல்லு முடியற எடத்துல ஒரு ஓடை, அந்த ஓடை போய் சேர்ற எடம் ஆனைகொண்டான் கண்மாய். பாண்டியர் காலத்துக் கண்மாயாம். தளும்பிக்கிட்டு கெடந்துச்சு. நான் அங்கயே அரை மணி நேரத்துக்கு மேல உக்காந்துட்டேன், மச்சான்தான் வெயில் ஏறுது வாங்கன்னு கூப்பிட்டாரு.

கீழ மடைகிட்ட ஒரு பெரியவர். நீர்பாய்ச்சி வேலை, அதாவது மடையைத் தெறந்து வயலுக்குத் தண்ணி விடற வேலை பார்த்தவராம், இப்ப மகன் பார்க்குறான்னாரு. ஐயா, இந்தப் பாறையில இருந்துதான் கண்மாய்க்குத் தண்ணி வருதான்னு கேட்டேன். "பின்ன? மழை பேஞ்சா பாறை ஒரு சொட்டு குடிக்காது தம்பி, அம்புட்டும் எங்களுக்குத்தான்"னாரு. சொல்லிட்டு மடைத் தூணை ஒரு தட்டு தட்டினாரு, மாட்டைத் தட்டற மாதிரி. ரெண்டு கல் தூண், மேல குறுக்குக் கல்லு, நடுவுல கழி. அந்தக் கல்லுல கை பட்டுப் பட்டு ஒரு எடம் மட்டும் வழவழன்னு தேஞ்சு போயிருக்கு, எத்தனை தலைமுறைக் கையோ.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். 2022 நவம்பர்ல தமிழ்நாடு அரசு இந்த எடத்தை பல்லுயிர் பாரம்பரியத் தலம்னு அறிவிச்சுது, மாநிலத்துலயே இதுதான் முதல். அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ரெண்டு கிராமமும் சேர்த்து 193 ஹெக்டேர் சொச்சம். 72 ஏரி, 200 சுனை, 3 தடுப்பணை, 250 வகைப் பறவைன்னு அந்த அறிவிப்பு சொல்லுது. லகுடு வல்லூறு, ராஜாளி, தேவாங்கு, எறும்புத்தின்னி, மலைப்பாம்பு எல்லாம் உண்டு. சரியா ரெண்டு வருஷம் கழிச்சு 2024 நவம்பர்ல மத்திய சுரங்கத்துறை இந்தப் பகுதியை நாயக்கர்பட்டி டங்ஸ்டன் பிளாக்னு பேர் வச்சு ஏலம் விட்டுருச்சு, 2015.51 ஹெக்டேர். பாரம்பரியத் தலமும் அதுக்குள்ளயே வருது.

ஊரே எந்திரிச்சுது. டிசம்பர் 9ஆம் தேதி சட்டசபையில தீர்மானம் போட்டாங்க. அப்புறம் டிசம்பர் 24 வாக்குல டெல்லியில இருந்து ஒரு பதில் வந்துச்சு, பாரம்பரியத் தலத்தை விட்டுட்டு எல்லையை மாத்தி வரைய முடியுமான்னு மறுபடி ஆய்வு பண்ணச் சொல்றோம்னு. வெளிய இருந்து பார்க்கறவங்களுக்கு இது நல்ல சமரசமா தெரியும், உண்மையைச் சொன்னா அன்னைக்கு சென்னையில உக்காந்து பேப்பர் படிச்ச எனக்கும் அப்படித்தான் தெரிஞ்சுது. ஊர்க்காரங்க ஒத்துக்கல, மொத்தமா ரத்து பண்ணுங்கன்னு நின்னாங்க. ஏன் அவ்ளோ பிடிவாதம்னு இன்னைக்கு அந்தக் கருப்புக் கோட்டைப் பார்த்தப்புறம்தான் எனக்குப் புரிஞ்சுது. 193 ஹெக்டேரை விட்டுட்டு பக்கத்துக் குன்றையும் ஓடையையும் தோண்டினா, கண்மாய் அப்படியே இருக்கும், கரை இருக்கும், மடை இருக்கும், ஆனா தண்ணி வராது. பள்ளம் எங்க இருக்கோ தண்ணி அங்கதான போகும்? ஊர்ல ஆழமான பள்ளம் எதுன்னா அது சுரங்கமா இருக்கும்.

2025 ஜனவரி 23, ஏலம் ரத்து. அந்த தேதியை இங்க சின்னப் பசங்க கூட சொல்றாங்க.

நாள் 2 – கல் எடுத்த குழிங்க

இன்னைக்கு மச்சான் வேற ஒரு பக்கம் கூட்டிட்டுப் போனாரு. மேலூர் சுத்துவட்டாரத்துல கிரானைட் எடுத்த எடங்க. 2012ல ரெய்டு வந்து குவாரிங்களை மூடினதுல இருந்து அப்படியே கெடக்கு. 2014ல ஐகோர்ட் உ. சகாயத்தை சட்ட ஆணையரா நியமிச்சு விசாரிக்கச் சொன்னது, அவர் ரிப்போர்ட் கொடுத்தது எல்லாம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கண்மாய், வாய்க்கால், ஓடைன்னு எதையும் விடாம கல்லையும் கழிவையும் போட்டு மூடினதா அந்த நேரத்துல வந்த புகார் கொஞ்ச நஞ்சம் இல்ல.

குழியை எட்டிப் பார்த்தேன். வயித்தைப் பெசையுது. சோப்புக் கட்டியை அறுத்த மாதிரி நாலு பக்கமும் செங்குத்தா பாறை, கீழ பச்சைத் தண்ணி, எவ்ளோ ஆழம்னு தெரியல. எறங்க வழி கெடையாது. தண்ணி இருக்குல்ல அப்புறம் என்னன்னு தோணலாம். அதுல ஒரு கொக்கு இல்ல. கரை இருந்தாதான கொக்கு நிக்கும், சகதி இருந்தாதான புழு இருக்கும், நத்தை இருக்கும், சம்பு முளைக்கும். கண்மாய்ங்கறது சரிஞ்சு சரிஞ்சு போற எடம், முழங்கால் தண்ணி, கணுக்கால் தண்ணி, ஈர மண்ணு, அப்புறம் காஞ்ச மண்ணுன்னு. அந்த ஓரத்துலதான் உசுரே இருக்கு. இந்தக் குழியில ஓரமே இல்ல.

ஆடு ஓட்டிட்டு வந்த அப்பத்தா ஒருத்தவங்க, யாருப்பா நீங்க, சர்வேக்கு வந்திருக்கீகளான்னு குரலை ஒசத்திக் கேட்டாங்க. இல்ல அப்பத்தா, சும்மா பார்க்க வந்தோம்னு மச்சான் ஊரைச் சொன்னப்புறம்தான் நம்பினாங்க. யாராவது பேண்ட் சட்டை போட்டு போனைத் தூக்கிக் காமிச்சா இன்னமும் பயமா இருக்காம். அவங்க கை நீட்டிக் காமிச்ச எடத்துல ஒரு கலுங்கு இருந்துச்சாம், கண்மாய் நெறஞ்சு மறுகால் போற சத்தம் ராத்திரி வீட்டுக்குக் கேக்குமாம், அடுத்த ஊர்க் கண்மாய்க்கு அந்தத் தண்ணிதான் போகுமாம். இப்ப அந்த எடத்துல கல்லுக் கட்டிங்க குமிஞ்சு கெடக்கு. டங்ஸ்டனுக்கு ஏன் ஜனங்க அவ்ளோ சீக்கிரம் எந்திரிச்சாங்கன்னு இதைப் பார்த்தா தெரியும், யாரும் வந்து சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கல.

இன்னொன்னு சொல்லணும், இது ரொம்ப நாளா என்னை அரிச்சுக்கிட்டு இருக்கற விஷயம். ஈரநிலங்களைப் பாதுகாக்க 2017ல மத்திய அரசு விதிகள் கொண்டு வந்திருக்கு. அதுல ஈரநிலம்னா என்னன்னு சொல்ற எடத்துலயே பாசனத்துக்காகவும் குடிதண்ணிக்காகவும் மனுஷன் கட்டின ஏரி குளம் இதுல சேராதுன்னு போட்டிருக்கு. நெல்லு வயலும் சேராது, ஆத்துக் கால்வாயும் சேராது. நம்ம ஊர்ல எது மனுஷன் வெட்டாதது? கண்மாய், ஏரி, தாங்கல், ஊருணி எல்லாம் வெட்டினதுதான். வேடந்தாங்கலே பாசன ஏரிதான, அது இன்னைக்கு ராம்சர்ங்கற சர்வதேச ஈரநிலப் பட்டியல்ல இருக்கு. தமிழ்நாட்டுல இருபது ராம்சர் தலம், இந்தியாவுலயே நாமதான் அதிகம், சந்தோஷம்தான். ஆனா பேர் வாங்கின இருபது போக மிச்சம் இருக்கற ஆயிரக்கணக்கான கண்மாய்க்கு அந்த விதியில எடம் இல்ல. ஆனைகொண்டான் கண்மாய் மாதிரி ஒண்ணு பாரம்பரியத் தலம்ங்கற பேர்ல தப்பிச்சிருக்கு. பக்கத்து ஊர்க் கண்மாய்க்கு எந்தப் பேரும் கெடையாது.

நாள் 3 – ரயில்ல

இன்னைக்கு எழுத பெருசா ஒண்ணும் இல்ல. மதுரையில வைகை எக்ஸ்பிரஸ் புடிச்சு விருத்தாசலம், அங்க இருந்து பஸ்ல நெய்வேலி. திண்டுக்கல் தாண்டினதுல இருந்து ஜன்னல் ஓரமா கண்மாயும் குளமும் வந்துக்கிட்டே இருந்துச்சு, எண்ணிக்கிட்டே வந்தவன் மணப்பாறையோட விட்டுட்டேன்.

எதிர் சீட்டுல ஒரு காலேஜ் பையன், மெக்கானிக்கல் படிக்கிறானாம். நான் எங்க போயிட்டு வர்றேன்னு கேட்டுட்டு, சார் டங்ஸ்டன் இல்லாம டிரில் பிட்டு செய்ய முடியாதே, பாறையைக் குடையறதே அதனாலதான, எங்கயாவது எடுத்துத்தான ஆகணும்னான். நியாயமான கேள்வி. உருக்கணும்னா 3,400 டிகிரிக்கு மேல வேணும், வேற எந்த உலோகத்துக்கும் அவ்ளோ வேணாம், அதனால அதுக்கு மாத்து கெடைக்கறது கஷ்டம்தான். நான் அவன்கிட்ட சொன்னது இதுதான்: எடுக்கவே கூடாதுன்னு நான் சொல்லல, ஆனா ஏலம் விட்டுட்டு அப்புறம் ஊருக்குத் தெரியறது எப்படி நியாயம்? 2023ல சட்டத்தைத் திருத்தி முக்கிய கனிமங்களை மத்திய அரசே ஏலம் விடலாம்னு ஆக்கினாங்க. 2025 செப்டம்பர்ல அந்த மாதிரி கனிமச் சுரங்கத்துக்கு பொதுமக்கள் கருத்துக்கேட்பே வேண்டாம்னு சுற்றுச்சூழல் அமைச்சகம் உத்தரவு போட்டிருக்கு. ஒரு எடத்துல தண்ணி எந்த வழியா வருது, எந்த வழியா போகுதுன்னு மேப்புல இருக்காது, அந்த நீர்பாய்ச்சி பெரியவருக்குத்தான் தெரியும். அவர் வாயைத் தெறக்கறதுக்கு ஒரு கூட்டம் கூட இல்லைன்னா என்ன அர்த்தம்? பையன் கொஞ்ச நேரம் வெளியவே பார்த்துட்டு வந்தான். இறங்கறப்போ என் நம்பர் வாங்கிக்கிட்டான்.

நாள் 4 – நெய்வேலி, வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி

டவுன்ஷிப் அழகா இருக்கு. நிழல், அகல ரோடு. நான் படிச்ச காலத்துல வீட்ல எரிஞ்ச லைட்டுல பாதி இங்க இருந்து வந்த கரண்டுதான், அத மறக்கல. பழுப்பு நிலக்கரி இங்க இருக்குன்னு 1930கள்ல கிணறு தோண்டினப்போ ஜம்புலிங்க முதலியார் நிலத்துல தெரிய வந்துச்சு, 1956ல நிறுவனம் ஆரம்பிச்சாங்க. அவர் தானமா கொடுத்த நிலத்துல இருந்து தொடங்கினது இன்னைக்கு கண்ணுக்கெட்டின தூரம் வரைக்கும் பள்ளம்.

ரோட்டு ஓரத்துல இருந்தே மண்மேடு தெரியுது, மலை மாதிரி. மலைன்னுதான் நெனச்சேன், பஸ்ல பக்கத்துல இருந்த அண்ணன்தான், அது உள்ள இருந்து எடுத்துக் கொட்டின மண்ணு தம்பின்னாரு.

நெய்வேலியில கவனிக்க வேண்டியது அந்தப் பள்ளம் இல்ல, அதுக்கு அடியில இருக்கற தண்ணி. நிலக்கரிப் படுகைக்குக் கீழ மணல் அடுக்கு, அதுல தண்ணி அழுத்தத்தோட அடைபட்டுக் கெடக்கு, ஆர்ட்டீசியன் ஊத்துன்னு சொல்வாங்க. குழாயை எறக்கினா மோட்டார் இல்லாம தானா பீச்சி அடிக்கற தண்ணி அது. மேல இருக்கற மண்ணை எடுத்துட்டா அந்த அழுத்தம் சுரங்கத்தோட தரையை முட்டி ஒடச்சிரும், அதனால சுத்தி போர் போட்டு ராத்திரி பகலா தண்ணியை எறச்சுக்கிட்டே இருக்கணும். 1960கள்ல ஆரம்பிச்ச பம்பு இன்னும் நிக்கல. நின்னா சுரங்கம் இல்ல.

வாலாஜா ஏரிக் கரையில ஒரு ஆயா மாடு மேய்ச்சுக்கிட்டு இருந்தாங்க. கல்யாணம் ஆகி வந்த புதுசுல அவங்க கொல்லையில குழாய்ல தண்ணி தானா வந்துக்கிட்டே இருக்கும், மூடவே முடியாது, வாய்க்கா கட்டி வயலுக்கு விடுவோம்னு சொன்னாங்க. இப்ப? "இப்ப எங்க, எத்தினி அடி போட்டாலும் மோட்டார் வச்சாத்தான். அதுலயும் விட்டு விட்டுத்தான் வருது"ன்னாங்க. அவங்க எதிர்ல ஏரி நெறைய தண்ணி. அந்தத் தண்ணியே சுரங்கத்துல இருந்து எறச்சு விடற தண்ணியும் கலந்ததுதான். அதாவது அவங்க கொல்லைக்கு அடியில அழுத்தத்தோட இருந்த தண்ணிய எடுத்து, ஏரியில விட்டு, அத வாய்க்கால் வழியா கொடுக்கறாங்க. பம்பு ஓடற வரைக்கும் ஏரி நெறையும். இத முதல்ல கேக்கறப்ப நல்லதுதானன்னு தோணுச்சு, ஆயா பேசினத யோசிக்க யோசிக்கத்தான் கனமாச்சு. ஊத்தா இருந்தது அவங்களோடது, இப்ப யாரோ வால்வு தெறந்தா வர்றது.

சாயங்காலம் குறிஞ்சிப்பாடி வழியா பெருமாள் ஏரி. நீளமான ஏரி, ஒரு கரையில நின்னா மறுமுனை தெரியல. பரவனாறு கொண்டு வந்து சேர்க்கற ஏரி. ஆனா உள்ள எறங்கி நடந்து பாருங்க, கொஞ்ச தூரம் போயும் முழங்கால் தாண்டல. தூர்ந்து போச்சு. மழைக்காலத்துல மண்மேட்டுல இருந்து அடிச்சுட்டு வர்ற மண்ணும் சாம்பலும் வந்து சேர்ந்துதான் இப்படி ஆச்சுன்னு கரையில பார்த்த எல்லாருமே ஒரே மாதிரி சொன்னாங்க, விவசாயிங்க வருஷக்கணக்கா கேட்டுக்கிட்டு இருக்கற விஷயமும் இதுதான். ஒரு கை சேறு அள்ளிப் பார்த்தேன். ஆனைகொண்டான் கண்மாய்ச் சேறு கருப்பா, வேர் வாசனையோட, விரல்ல ஒட்டும். இது சாம்பல் நிறம், காஞ்சதும் பொடியா உதிருது. அந்த ரெண்டு சேறும் இன்னும் கையிலயே இருக்கற மாதிரி இருக்கு எனக்கு.

பெருமாள் ஏரியில யாரும் சுரங்கம் தோண்டல, அதை முக்கியமா சொல்லணும். ஏரிக்குள்ள ஒரு ஜேசிபி கூட வரல. மேல எங்கயோ தோண்டினாங்க, ஆறு கொண்டு வந்து சேர்த்துச்சு. அந்தப் பரவனாற்றுக்கே புது வழி வெட்டணும்னு 2023 ஜூலைல வளையமாதேவியில பச்சை நெல்லு மேல பொக்லைன் எறங்கினது டிவியில பார்த்திருப்பீங்க. அன்னைக்கு ராத்திரி நான் சாப்பிடல.

நாள் 5 – வீராணம்

சேத்தியாத்தோப்புல இறங்கி, வீராணம் கரை ரோட்டுல ஷேர் ஆட்டோ. இந்த ஏரிய பத்தி சொல்லவே வேணாம், சோழர் வெட்டினது, முதலாம் பராந்தகன் காலம், பத்தாம் நூற்றாண்டு. கொள்ளிடத்துல கீழணையில இருந்து வடவாறு வழியா தண்ணி வருது. உயரம் 47.50 அடி, கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி. 2004ல இருந்து இங்க இருந்து குழாய்ல தண்ணி இருநூறு கிலோமீட்டர் தாண்டி சென்னைக்குப் போகுது. என் வீட்டு சம்ப்புல விழற தண்ணியில இதுவும் உண்டு. ஆறு வருஷமா குடிக்கறேன், இன்னைக்குத்தான் நேர்ல பார்க்கறேன், கரையில எறங்கி ரெண்டு கையாலயும் அள்ளி மூஞ்சி கழுவினேன்.

2023 மார்ச் கடைசியில நிலக்கரி ஏலப் பட்டியல் ஒண்ணு வந்துச்சு. அதுல கிழக்கு சேத்தியாத்தோப்பு, மைக்கேல்பட்டி, வடசேரின்னு டெல்டாப் பக்கம் மூணு பேரு. அதுல கிழக்கு சேத்தியாத்தோப்பு நான் இப்ப நிக்கற எடத்துக்குப் பக்கத்துலயே. 2020ல போட்ட பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் கையில இருந்துச்சு, விவசாயிங்க, கட்சிங்க, சட்டசபை எல்லாம் ஒரே குரல்ல பேசினாங்க, ஏப்ரல் 8ஆம் தேதி மூணையும் எடுத்துட்டாங்க. பத்து நாள்ல முடிஞ்ச கதைன்னு தோணும். ஆனா அந்த நிலக்கரி அங்கயேதான் இருக்கு, அடுத்த பட்டியல் எப்ப வேணா வரலாம். நெய்வேலியில பார்த்த அந்தத் தண்ணி அடுக்கு நெய்வேலி எல்லையோட நின்னுடல, கடல் பக்கமா நீண்டுக்கிட்டே போகுது. இந்த மண்ணுக்கு அடியில இன்னொரு பள்ளத்துக்காக ராத்திரி பகலா எறைக்க ஆரம்பிச்சா, கடல் ரொம்ப தூரத்துல இல்ல. நல்ல தண்ணி பின்வாங்கின எடத்துக்கு உப்புத் தண்ணி உள்ள வரும், கடலோர ஊர்ல கிணறு வெட்டினவங்களைக் கேட்டா தெரியும். அரிட்டாபட்டியில தண்ணி மேல இருந்து வருது, இங்க கீழ இருந்தும் தாங்கி நிக்குது.

லால்பேட்டை பக்கம் கரையில உக்காந்தேன். நீலத் தாழைக்கோழி நாலு, நீலக்கலர் மினுமினுங்க சம்புக்குள்ள போய் வந்துக்கிட்டு இருந்துச்சு. நத்தை குத்தி நாரை ஒண்ணு சேத்துல இருந்து நத்தையை எடுத்து, அலகுல திருப்பித் திருப்பி, ரொம்ப பொறுமையா உள்ள இருக்கறத மட்டும் உருவி எடுத்துச்சு. ஓட்டை அங்கயே போட்டுட்டு அடுத்த அடி வச்சுது. எனக்கு அஞ்சடி தூரத்துல. மூச்சு விடாம பார்த்தேன்.

பக்கத்துல வலை பிரிச்சுக்கிட்டு இருந்த அண்ணன், எந்த ஊருன்னு கேட்டாரு. மெட்ராஸ்ண்ணே. "அப்ப நம்ம தண்ணிதான்"னு சொல்லிட்டு வலையில கண்ணா இருந்தாரு. இப்ப எத்தினி அடிண்ணே நிக்குதுன்னேன், தலையைக் கூட தூக்கல, நாப்பத்தியாறு சொச்சம்னாரு. காலைல போர்டு பார்த்தீங்களான்னதுக்கு, எதுக்குப் பார்க்கணும், அந்தக் கல்லு முழுகியிருக்கு பாருங்கன்னு தாடையால காமிச்சாரு.

அவர்கிட்ட போன்ல போட்டோ எல்லாம் காமிச்சேன். கிரானைட் குழியைத் தள்ளிவிட்டுட்டாரு. மண்மேட்டை ஒரு தடவ பார்த்துட்டு தெரியும்ங்கற மாதிரி தலையாட்டினாரு. பாறை மேல இருக்கற சுனை வந்தப்ப மட்டும் கையைத் தொடச்சுக்கிட்டு போனை வாங்கினாரு. பெருசாக்கிப் பார்த்தாரு. அந்தக் கருப்புக் கோட்டை விரலால மேல இருந்து கீழ வரைக்கும் தடவிட்டு வந்து, போட்டோ முடியற எடத்துல விரலை நிறுத்தினாரு.

"இது எந்த ஏரிக்குப் போவுது?"

ஆனைகொண்டான் கண்மாய்ண்ணே, அங்க கண்மாய்னு சொல்வாங்கன்னேன்.

"ரொம்பியிருக்கா?"

ரொம்பியிருக்குண்ணேன்னேன். போனைத் திருப்பிக் கொடுத்துட்டு வலையை எடுத்துக்கிட்டாரு. சிதம்பரம் பஸ் ஹாரன் அடிச்சுக்கிட்டு வந்துருச்சு, ஓடிப்போய் ஏறினேன்.